பாய்லர் 180-ல நிக்குது, வீட்டுக்குள்ள காத்து மட்டும் சூடாவே இல்லையா? எங்க போகுதுன்னு இப்படி தேடுங்க

விஸ்கான்சின், மினசோட்டா, மிச்சிகனோட வட பக்கம், நியூயார்க் ஸ்டேட்டோட மேல் பகுதி, இந்த மாதிரி எடத்துல டவுனுக்கு வெளிய ஒரு பழைய பண்ணை வீடு வாங்குனீங்கன்னா பெரும்பாலும் கேஸ் லைன் இருக்காது, ப்ரொபேன் டேங்க் தான் இருக்கும், சில வீட்டுல கூடவே வீட்டுலருந்து அம்பது நூறு அடி தள்ளி சின்ன தகர ஷெட்டு சைஸ்ல ஒண்ணு புகைபோக்கியோட நிக்கும், முன்னாடி இருந்த ஓனர் விட்டுட்டு போனது. அதான் அவுட்டோர் வுட் பாய்லர், வெளிய வெச்சு விறகு எரிச்சு தண்ணிய சூடாக்குறது. ப்ரொபேன் பில்ல பாத்துட்டு, சரி விறகு தான் நம்ம எடத்துலயே கெடக்கேன்னு இத பத்த வெச்சா டிஸ்ப்ளேல 180 டிகிரின்னு அழகா காட்டும், ஆனா வீட்டுக்குள்ள வென்ட்ல கைய வெச்சா உப்புக்கு சப்பாணியா ஒரு காத்து வரும். (இதுல நான் சொல்ற டிகிரி எல்லாமே ஃபாரன்ஹீட், இங்க மீட்டர், செட்டிங் எல்லாம் அதுல தான் வரும்.)

உடனே எல்லாரும் பண்றது பாய்லர் செட்டிங்க 190, 195-க்கு ஏத்துறது. அத மட்டும் பண்ணாதீங்க. இந்த பாய்லர்ல பெரும்பாலானது பிரஷர் இல்லாத ஓப்பன் சிஸ்டம், மேல ஒரு வென்ட் வழியா வெளிக்காத்தோட தொடர்புல இருக்கும், 212-ல தண்ணி கொதிச்சிரும், 195-ல வெச்சா நெருப்பு பட்டுட்டு இருக்குற தகட்ட ஒட்டுன எடத்துல அதுக்கு முன்னாடியே குமிழி கட்ட ஆரம்பிச்சு ஆவியா போய் தண்ணி லெவல் எறங்கும். அத விடுங்க, கணக்கு பாத்தாலே லாபம் இல்ல. வீட்டு காத்து 68, தண்ணி 180, வித்தியாசம் 112. பத்து டிகிரி ஏத்துனா 122 ஆகுது, அதாவது சூடு ஒம்பது சதவீதம் தான் கூடும். ஆனா காத்து சரியா சூடாகாத வீட்டுல நடுவுல எங்கயோ பாதி சூடே காணாம போயிட்டு இருக்கும். அந்த எடத்த கண்டுபிடிக்காம பம்ப் வாங்குறது, காயில் மாத்துறது எல்லாம் வீண் செலவு.

சிஸ்டம் எப்படி ஓடுதுன்னு ஒரு தடவ மனசுல ஓட்டிக்கோங்க. நெருப்புப் பெட்டிய சுத்தி தண்ணி ஜாக்கெட், அந்த தண்ணிய ஒரு சர்குலேட்டர் பம்ப் மண்ணுக்கடியில புதைச்ச பெக்ஸ்ங்குற பிளாஸ்டிக் குழாய் வழியா வீட்டுக்கு தள்ளுது, வீட்டுக்குள்ள வந்ததும் குளிக்குற தண்ணிக்கு ஒரு பிளேட் எக்ஸ்சேஞ்சர் (ரெண்டு தண்ணியும் கலக்காம, நடுவுல இருக்குற தகடு வழியா சூட மட்டும் மாத்துறது), அப்பறம் ப்ரொபேன் ஃபர்னேஸுக்கு மேல இருக்குற பிளீனம்ங்குற காத்து பெட்டிக்குள்ள ஒரு காயில், கார் ரேடியேட்டரே தான், ஃபர்னேஸோட ப்ளோயர் அது வழியா காத்த ஊதுது, சூட எழந்த தண்ணி இன்னொரு பெக்ஸ்ல திரும்ப பாய்லருக்கு போகுது. அப்ப சூடு தொலையறதுக்கு நாலே எடம் தான் இருக்கு: பாய்லர், மண்ணுக்கடியில உள்ள லைன், தண்ணி ஓட்டம், காத்து பக்கம்.

முதல்ல அளங்க

வெளிய நல்லா குளிர் அடிக்குற ஒரு ராத்திரி, ப்ளோயர் ஒரு கால் மணி நேரமாவது விடாம ஓடுனதுக்கு அப்பறம் அளக்கணும், ஆன் பண்ண ஒடனே அளந்தா எல்லாம் பொய் சொல்லும். அளக்க வேண்டியது: பாய்லர்லருந்து வெளிய போற குழாய், அதே குழாய் வீட்டுக்குள்ள வர்ற எடம், காயிலுக்குள்ள நுழையற எடம், காயில விட்டு வெளிய வர்ற எடம், பாய்லருக்கு திரும்பி போய் சேர்ற எடம். அதோட ஃபர்னேஸுக்குள்ள போற ரிட்டர்ன் காத்து, காயிலுக்கு மேல வர்ற சூடான காத்து. காத்துக்கு கிச்சன்ல கறி வேகுதான்னு குத்தி பாப்போமே அந்த தெர்மாமீட்டரே போதும், பிளீனம் தகட்டுல சின்ன ஓட்ட போட்டு, காயில நேரா பாக்காத மாதிரி ஒரு ரெண்டு அடி தள்ளி டக்டுக்குள்ள சொருகுங்க, முடிஞ்சதும் ஓட்டைய ஃபாயில் டேப் போட்டு மூடிருங்க.

குழாய்க்கு எல்லாரும் இன்ஃப்ராரெட் கன் எடுத்துட்டு கெளம்பிருவாங்க. பளபளன்னு இருக்குற காப்பர், பித்தளை மேல அந்த கன்ன புடிச்சா வர்ற நம்பர் எதுக்கும் ஆகாது, பளபளப்பு காரணமா நெஜ சூட்ட விட ரொம்ப கம்மியா காட்டும், 170 டிகிரி குழாய 100-ன்னு கூட சொல்லும். கருப்பு எலக்ட்ரிக்கல் டேப்ப ரெண்டு சுத்து இறுக்கமா சுத்தி, ஒரு அஞ்சு நிமிஷம் விட்டு, அந்த டேப்புக்கு கிட்ட வெச்சு அளங்க. பெக்ஸ் பிளாஸ்டிக் சூட்ட மெதுவா தான் கடத்தும், அதனால மேல் பக்கம் உள்ள இருக்குற தண்ணிய விட சில டிகிரி கம்மியா தான் இருக்கும், ஒரு எடத்துல பெக்ஸ்லயும் இன்னொரு எடத்துல காப்பர்லயும் அளந்து ரெண்டையும் கழிச்சு பாத்தா தப்பா போயிரும். ஒரே மாதிரி பொருள் மேல ஒரே மாதிரி அளங்க, வித்தியாசம் சரியா வரும், நமக்கு வேண்டியது வித்தியாசம் தான்.

நம்பர் எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி ஃபர்னேஸ் மேலயே ஒட்டி வெச்சிருங்க. அடுத்த வருஷம் எதாவது கொறையுற மாதிரி தோணுனா ஒப்பிட்டு பாக்க அது தான் ஒதவும்.

மண்ணுக்கடியில போற லைன்

பாய்லர்ல 180-ன்னு கெளம்புன தண்ணி வீட்டுக்கு வரும்போது 178, 179 இருந்தா லைன் நல்லா இருக்கு. நூறு அடிக்கு ஒண்ணு ரெண்டு டிகிரி கொறைஞ்சா பரவால்ல. ஆறு, எட்டு, பத்துன்னு கொறைஞ்சா நீங்க புல்தரைய சூடாக்கிட்டு இருக்கீங்கன்னு அர்த்தம். மீட்டரே இல்லாம கூட கண்டுபிடிக்கலாம், பனி விழுந்த மறுநாள் காலைல கொல்லைல நின்னு பாருங்க, பாய்லர்லருந்து வீடு வரைக்கும் நேர்கோடு போட்ட மாதிரி பனி உருகி புல்லு தெரிஞ்சா வேற சாட்சியே வேணாம்.

இதுக்கு காரணம் பெரும்பாலும் தண்ணி. கருப்பு கலர் நெளி குழாய்க்குள்ள பபுள் ராப் மாதிரி ஃபாயில் சுத்தி ரெண்டு பெக்ஸையும் உள்ள விட்டு விப்பாங்க, வெல கம்மி, அதனால முன்னாடி நெறைய பேர் அத போட்ருக்காங்க. அந்த வெளி குழாய்க்குள்ள ஒரு எடத்துல நிலத்தடி தண்ணி புகுந்துட்டா இன்சுலேஷன்னு ஒண்ணும் மிச்சம் இல்ல, போதாததுக்கு போற லைனும் வர்ற லைனும் உள்ள ஒண்ண ஒண்ணு தொட்டுட்டு இருந்தா சூடான தண்ணி தன் சூட்ட பக்கத்துல திரும்பி போற தண்ணிக்கே குடுத்துட்டு வரும். வீட்டுப் பக்கம் அந்த நெளி குழாயோட வாய்ல டார்ச் அடிச்சு பாருங்க, தண்ணி கசிஞ்சுட்டு இருந்தாலோ உள்ள ஈரமா இருந்தாலோ கத முடிஞ்சுது. இதுக்கு ஒட்டு வேல கெடையாது, தோண்டி எடுத்துட்டு குழாய சுத்தி ஃபோம் அடைச்சே வர்ற லைன் போடணும், இல்லன்னா பள்ளத்துலயே ஆள கூப்ட்டு ஸ்ப்ரே ஃபோம் அடிக்கணும். வெல ஜாஸ்தி தான், இருந்தாலும் இந்த சிஸ்டத்துல காசு செலவு பண்ணணும்னா முதல்ல இதுல தான் பண்ணணும்னு நான் சொல்வேன், ஏன்னா மத்தது எல்லாத்தையும் அப்பறம் வந்து மாத்திக்கலாம், இதுக்கு மட்டும் திரும்ப பள்ளம் தோண்டணும்.

தண்ணி ஓட்டம், பாதி கோளாறு இங்க தான்

காயிலுக்குள்ள போற தண்ணிக்கும் வெளிய வர்ற தண்ணிக்கும் வித்தியாசம் எவ்ளோன்னு பாருங்க. 20 டிகிரி பக்கம் இருந்தா சரி. 35, 40, 50-ன்னு இருந்தா தண்ணி ரொம்ப மெதுவா ஓடுது, காயிலோட முதல் பாதி மட்டும் தான் சூடா இருக்கு, பின் பாதி சும்மா அலங்காரத்துக்கு இருக்கு.

ரெண்டே ரெண்டு ஃபார்முலா தெரிஞ்சா போதும். (பிடியூங்குறது சூட்ட அளக்குற அலகு, ஒரு பவுண்டு தண்ணிய ஒரு டிகிரி ஏத்துற சூடு.) தண்ணி பக்கம்: ஒரு மணி நேரத்துக்கு கெடைக்குற பிடியூ = 500 × நிமிஷத்துக்கு எத்தன கேலன் × டிகிரி வித்தியாசம். அந்த 500 எங்கருந்து வந்துச்சுன்னா ஒரு கேலன் தண்ணி 8.33 பவுண்டு, ஒரு மணிக்கு 60 நிமிஷம், பெருக்குனா கிட்டத்தட்ட 500. காத்து பக்கம்: பிடியூ = 1.08 × நிமிஷத்துக்கு எத்தன கன அடி காத்து × காத்து எத்தன டிகிரி ஏறுது. தண்ணி குடுத்தத தான் காத்து வாங்கும், அதனால ரெண்டும் ஏறக்கொறைய ஒண்ணா இருக்கணும். இத வெச்சு ஃப்ளோ மீட்டர் இல்லாமயே தண்ணி ஓட்டத்த கண்டுபிடிச்சிரலாம்.

உதாரணத்துக்கு, ரிட்டர்ன் காத்து 66, வென்ட்டுக்கு போற காத்து 96, ப்ளோயர் 1000 கன அடி தள்ளுதுன்னு வெச்சுக்கோங்க. 1.08 × 1000 × 30, அதாவது 32,400 பிடியூ. காயிலுக்குள்ள 178 போய் 128 வெளிய வருது, வித்தியாசம் 50. அப்ப 32,400-அ 500 × 50-ஆல வகுத்தா 1.3. நிமிஷத்துக்கு ஒண்ணே கால் கேலன் தான் ஓடுது! சாதாரணமா ஒரு வீட்டுக்கு இந்த மாதிரி லூப்புல 5-லருந்து 8 கேலன் ஓடணும். அத ஆறுக்கு கொண்டு வந்துட்டீங்கன்னா, வேற எதையும் தொடாம அதே காயில்ல காத்து 110 பக்கம் வந்துரும், அது வேற வீடு மாதிரியே இருக்கும்.

ஓட்டம் ஏன் கொறையுது? சும்மா கெடைக்குற விஷயத்துலருந்து ஆரம்பிங்க. எதாவது ஒரு பால் வால்வ யாரோ பாதி மூடி வெச்சிருப்பாங்க. ஒய்-ஸ்ட்ரெய்னர் இருந்தா மூடிய கழட்டி உள்ள இருக்குற சல்லடைய பாருங்க, கருப்பா சேறு, துரு அடைச்சிருக்கும். பிளேட் எக்ஸ்சேஞ்சருக்கு முன்னாடி ஸ்ட்ரெய்னரே இல்லன்னா அந்த சேறெல்லாம் பிளேட்டுக்கு நடுவுல போய் உக்காந்திருக்கும், குளிக்குற தண்ணிக்காக போட்ட ஐட்டம் மொத்த லூப்பையும் நெறிச்சுட்டு இருக்கும், அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் வால்வ மூடி கழட்டி வெனிகர் மாதிரி லேசான ஆசிட ஓட்டி, ஓட்டத்துக்கு எதிர் தெசைல தண்ணி அடிச்சு கழுவணும். பிளேட் எண்ணிக்க கம்மியா இருக்குற சின்ன எக்ஸ்சேஞ்சரும் இதே வேலய பண்ணும்.

அடுத்தது காத்து அடைப்பு. காயில்ல சளசளன்னு சத்தம் கேட்டா, காயிலோட மேல் பாதி தொட்டு பாத்தா ஜில்லுன்னு இருந்தா உள்ள காத்து மாட்டிருக்கு. தண்ணி கீழ் வாய்ல நுழைஞ்சு மேல் வாய்ல வெளிய வந்தா காத்த தானே தள்ளிட்டு போகும், தலகீழா கனெக்ஷன் குடுத்திருந்தா மாட்டிக்கும். மேல ஒரு கையால தெறக்குற ப்ளீடர், அதாவது காத்த வெளிய விடுற சின்ன வால்வு, வையுங்க. தானா தெறக்குற ஆட்டோமேட்டிக் ஏர் வென்ட்ட இதுல வைக்காதீங்க, கடைல அத தான் எடுத்து நீட்டுவாங்க. பிரஷர் உள்ள சாதாரண பாய்லருக்கு அது சரி, இது ஓப்பன் சிஸ்டம், காயில் இருக்குற எடம் பாய்லரோட தண்ணி மட்டத்த விட ஒசரமா இருந்தா அங்க குழாய்க்குள்ள வெளிக்காத்த விட அழுத்தம் கம்மியா இருக்கும், வென்ட் காத்த வெளிய விடுறதுக்கு பதிலா உள்ள இழுக்கும். அப்படி ஒசரத்துல காயில் இருந்தா ஓட்டத்த கட்டுப்படுத்துற வால்வ ரிட்டர்ன் பக்கம், பாய்லர் கிட்ட வைங்க, அப்ப தான் மேல அழுத்தம் கொஞ்சமாவது நிக்கும்.

பம்ப் எங்க இருக்குன்னும் பாருங்க. பாய்லருக்கு பின்னாடி கீழ, தண்ணி தானே எறங்கி வர்ற எடத்துல இருந்து வீட்ட பாத்து தள்ளணும். வீட்டுக்குள்ள மேல ஒரு எடத்துல மாட்டி 180 டிகிரி தண்ணிய இழுக்க சொன்னா உள்ளயே ஆவி குமிழி கட்டும், கூழாங்கல்லு உருளுற மாதிரி சத்தம் வரும், பம்ப் சீக்கிரம் செத்துப்போகும்.

இதெல்லாம் சரியா இருந்தும் வித்தியாசம் 30-க்கு மேல நின்னா அப்ப தான் பம்ப் சைஸ், குழாய் சைஸ் பத்தி யோசிக்கணும். ஒரு இஞ்ச் பெக்ஸ்னு பேர் தானே தவிர உள் விட்டம் 0.86 இஞ்ச் தான், அதுலயும் உள்ள சொருகுற கிரிம்ப் ஃபிட்டிங் அத இன்னும் குறுக்கும், ஒவ்வொரு முழங்கையும் கொஞ்சம் புடிச்சு இழுக்கும். பாய்லர் நூறு அடி தள்ளி இருந்தா போக வர 200 அடி. அதுல நிமிஷத்துக்கு 8 கேலன் தள்ளணும்னா குழாய் உரசலுக்கு மட்டுமே பதினஞ்சு அடி ஹெட்டுக்கு மேல வேணும் (ஹெட்னா பம்ப் தண்ணிய எத்தன அடி ஒசரம் தூக்குற அளவுக்கு தள்ளும்ங்குற கணக்கு). டாக்கோ 007 நல்ல பம்ப் தான், ஆனா அதோட உச்சபட்ச ஹெட்டே 11 அடி, இவ்ளோ நீள லூப்புக்கு போட்டா அஞ்சு கேலன் கிட்ட தான் வரும், காயில், பிளேட் எல்லாம் சேந்தா அதுக்கும் கீழ. அது பம்போட தப்பு இல்ல, சின்ன லூப்புக்கு செஞ்சத பெரிய லூப்புக்கு மாட்டுனது. அதுக்குன்னு ராட்சச பம்ப் வாங்கவும் ஓடாதீங்க, ஓட்டத்த ரெண்டு மடங்கு ஆக்கணும்னா கிட்டத்தட்ட நாலு மடங்கு ஹெட் வேணும், அந்த கரண்ட் பில்லும் குளிர்காலம் பூரா வரும். ஒண்ணே கால் இஞ்ச் பெக்ஸ் போட்டா அதே ஓட்டத்துக்கு உரசல் மூணுல ஒரு பங்கு சொச்சம் தான். லைன் எப்படியும் தோண்டி மாத்த போறீங்கன்னா கண்ண மூடிட்டு ஒண்ணே கால் போடுங்க.

ஒண்ணு கவனிங்க, காயில்ல வித்தியாசம் ஏற்கனவே 10, 15 தான் இருக்குன்னா பெரிய பம்ப் ஒரு பிரயோஜனமும் பண்ணாது. தண்ணி சூட்ட கொண்டு வந்துருச்சு, காத்து தான் அத வாங்கல.

காத்து பக்கம்

காயில் பிளீனத்தோட முழு அகலத்தையும் மூடியிருக்கணும். பிளீனம் 20க்கு 20 இஞ்ச், காயில் 16க்கு 18 இஞ்ச்னு இருந்தா சுத்தி இருக்குற இடுக்கு வழியா காத்து சுலபமா ஓடிரும், காத்து எப்பவுமே தடை கம்மியா இருக்குற வழிய தான் புடிக்கும், மேல போய் சூடானதோட பச்ச காத்து கலந்து வென்ட்டுக்கு வெதுவெதுப்பா போகும். சைட்ல ஒரு கதவு வெட்டி உள்ள டார்ச் அடிச்சு பாருங்க. இடுக்கு இருந்தா தகடு வெட்டி மடிச்சு ஸ்க்ரூ போட்டு ஃபாயில் டேப்ப வெச்சு அடைங்க, துணி மாதிரி இருக்குற சாதாரண டக்ட் டேப் சூட்டுல பசை காஞ்சு உதுந்துரும். ஒரு மதியான வேல, இருபது டாலர் சாமான், இதுலயே காத்து கண்ணுக்கு தெரியுற மாதிரி மாறும்.

அப்பறம் காயில்ல வரிசையா இருக்குற மெல்லிசான அலுமினியம் தகடு, அதாவது ஃபின், அதோட கீழ் பக்கம். மேலருந்து பாத்தா புதுசு மாதிரி இருக்கும், காத்து நுழையற அடிப்பக்கம் கண்ணாடி வெச்சு பாத்தீங்கன்னா நாய் முடியும் தூசியும் சேந்து கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும், ஃபில்டர மாத்தாம விட்ட வீட்டுல இது நிச்சயம். மெல்லிசான பிரஷ்ஷால ஃபின் போற தெசைலயே தேச்சு வேக்கும் புடிங்க, குறுக்க தேச்சா அலுமினியம் மடங்கிரும். காயில் சின்னதா, ஒத்த வரிசையா இருந்தா மட்டும் புதுசு பாருங்க, அப்பவும் கம்பெனிக்காரன் போடுற பிடியூ நம்பர் எந்த தண்ணி சூட்டுக்கு, எத்தன கேலனுக்கு, எவ்ளோ காத்துக்குன்னு கீழ பொடி எழுத்துல இருக்கும், அத படிங்க. ரொம்ப அடர்த்தியா இருக்குற காயில போட்டாலும் ப்ளோயர் தெணறும், காத்தே வராது.

ப்ளோயர் ஸ்பீடு பத்தி எல்லாரும் சண்ட போடுவாங்க. ஸ்பீட கொறைச்சா காத்து சூடாகும், ஆனா மொத்தமா வீட்டுக்குள்ள வர்ற பிடியூ கொஞ்சம் கொறையும். ஸ்பீட கூட்டுனா மொத்த பிடியூ கூடும், ஆனா காத்து 95, 98 டிகிரில வேகமா வந்து மேல அடிச்சா ஃபேன் போட்ட மாதிரி குளிரும். கேஸ் ஃபர்னேஸ்ல 120-லருந்து 140 வரைக்கும் வந்து பழகுனவங்களுக்கு 110 டிகிரி காத்தே ஏமாத்தமா தான் இருக்கும், அது நார்மல், இந்த சிஸ்டம் மெதுவா ரொம்ப நேரம் ஓடி வீட்ட சூடா வெச்சுக்குற சிஸ்டம். என் கணக்குக்கு 105-லருந்து 115 வரைக்கும் வந்தா போதும், அதுக்கு தகுந்த ஸ்பீட வைங்க.

பழைய மாடல் மோட்டார்ல கருப்பு வயர் ஹை, நீலம் மீடியம், செவப்பு லோன்னு பெரும்பாலும் இருக்கும், ஆனா கதவோட உள் பக்கம் ஒட்டிருக்குற டயக்ராம பாக்காம தொடாதீங்க, பிரேக்கர ஆஃப் பண்ணிட்டு தான் தொடணும். யூஸ் பண்ணாத வயர் ஒவ்வொண்ணையும் தனித்தனியா மூடி போட்டு வைங்க, ரெண்டு ஸ்பீடு வயர் ஒண்ணா சேந்துச்சுன்னா மோட்டார் புகைஞ்சுரும். இன்னொண்ணு, கேஸ் பர்னர் எரியும்போது ஓடுற ஸ்பீட நீங்க கொறைக்க கூடாது, ஃபர்னேஸ் அதிகமா சூடாகி லிமிட் ஸ்விட்ச் வெட்டிரும். ஃபேன் மட்டும் ஓடுறப்போ வர்ற ஸ்பீட மட்டும் மாத்துங்க, பாய்லருக்கு வேண்டியது அது தான்.

தெர்மோஸ்டாட்

ரெண்டு தெர்மோஸ்டாட் இருக்குற செட்டப் தான் எனக்கு புடிச்சது. ஒண்ணு ஃபேன மட்டும் ஆன் பண்ணும், அதாவது ஃபர்னேஸ்ல ஆர், ஜி ரெண்டு டெர்மினலுக்கு போகும், 70-ல வைங்க. இன்னொண்ணு எப்பவும் போல ப்ரொபேன ஆன் பண்றது, அத 66-ல வைங்க, விறகு தீந்து போனாலும் குழாய் ஒறையாது. அந்த ஜி வயருக்கு நடுவுல ஒரு ஸ்ட்ராப்-ஆன் அக்வாஸ்டாட்ட (குழாயோட சூட்ட பாத்து ஆன், ஆஃப் ஆகுற ஸ்விட்ச்) சேத்து வீட்டுக்குள்ள வர்ற சூட்டு குழாய் மேல கட்டிருங்க, குழாய் 120, 130-க்கு மேல இருந்தா மட்டும் ஃபேன் ஓடும். இல்லன்னா பாய்லர் அணைஞ்ச ராத்திரி ஃபேன் பச்சத் தண்ணி காயில் வழியா விடிய விடிய ஊதி வீட்ட குளிர வெக்கும்.

ராத்திரி தூங்கும்போது 60-க்கு எறக்கிட்டு காலைல 70-க்கு ஏத்துற பழக்கம் இதுல ஒத்து வராது. மைனஸ் பத்துல வீடு எழக்குறத ஈடு கட்டவே காயிலுக்கு சரியா இருக்கும், பத்து டிகிரி ஏத்த மிச்சம் இருக்காது, மதியம் வரைக்கும் ஏறாம "சூடே வரல"ன்னு தோணும். ஒரே நம்பர்ல விட்ருங்க. காலைல மூணு பேர் வரிசையா குளிச்சாலும் காத்து கொஞ்ச நேரம் டல்லாகும், பிளேட் எக்ஸ்சேஞ்சர் காயிலுக்கு முன்னாடி இருந்தா அப்படி தான், கவலப்பட வேணாம்.

பாய்லரே எறங்குனா

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் பாய்லர் 180-லயே நிக்குது, வீடு மட்டும் குளிருதுங்குற கேஸு. ராத்திரி 180-ல விட்டுட்டு படுத்து, காலைல நெருப்பு எரிஞ்சுட்டு இருக்கும்போதே 145-ன்னு காட்டுதுன்னா அது வேற. நெருப்பு குடுக்குறத விட லைனும் வீடும் ஜாஸ்தி இழுக்குது. முதல் சந்தேகம் விறகு மேல தான் வரணும். நேத்து வெட்டுன ஓக் விறக போட்டா நெருப்போட சூட்டுல ஒரு பங்கு விறகுக்குள்ள இருக்குற தண்ணிய ஆவியாக்கவே போயிரும், ஒரு பவுண்டு தண்ணிக்கு ஆயிரம் பிடியூக்கு மேல. ஓக் கட்டைய பொளந்து அடுக்கி, மேல மட்டும் மூடி, சைட்ல காத்து பட விட்டு ரெண்டு கோடை காய விடணும். ஈரம் பாக்குற மீட்டர கட்டையோட வெளிப்பக்கம் குத்தாதீங்க, அப்பவே ஒரு கட்டைய பொளந்து உள் முகத்துல குத்துங்க, 20 சதவீதத்துக்கு கீழ இருந்தா சரி. காஞ்ச ரெட் ஓக் ஒரு கார்டுக்கு, அதாவது 128 கன அடிக்கு, 24 மில்லியன் பிடியூ பக்கம் குடுக்கும், வொயிட் பைன் அதே அளவுக்கு 15 பக்கம் தான், அதனால பைன் போடுற வாரம் அடிக்கடி எந்திரிச்சு போய் போட வேண்டி இருக்கும்.

அமெரிக்காவுல சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏ 2015-ல கொண்டு வந்த விதிப்படி 2020 மே 15-லருந்து விக்குற புது பாய்லர் எல்லாம் ரொம்ப கம்மி புகை தான் விடணும், அதுல நெறைய மாடல் கேசிஃபிகேஷன் டைப், அதாவது விறகுலருந்து வர்ற புகைய ரெண்டாவது தடவ எரிக்குறது. பழசு மாதிரி எதப் போட்டாலும் திங்காது, ஈர விறகு போட்டா ரெண்டாவது எரிப்பு நடக்காம சூடு தொபுக்கடீர்னு விழும். புது பாய்லர் வாங்கி "பழசே தேவல"ன்னு பொலம்புறவங்களோட விறகு குவியல போய் பாருங்க, புரிஞ்சுரும்.

நெருப்புப் பெட்டி சுவத்துல கிரியோசோட், அதாவது புகைலருந்து வர்ற தார் மாதிரி படிவு, கெட்டியா படிஞ்சிருந்தா சொரண்டி எடுங்க, சாம்பல் காத்து வர்ற ஓட்டைய மூடாம பாத்துக்கோங்க. திரும்பி வர்ற தண்ணி 140-க்கு கீழயே எப்பவும் இருந்தா உள் சுவர்ல ஈரம் வேர்த்து, படிவு ஏறி, இரும்பும் அரிக்கும், ரிட்டர்ன்ல 140, 150-ல தெறக்குற தெர்மோஸ்டேட்டிக் பைபாஸ் வால்வ (திரும்புற தண்ணியோட சூடான தண்ணிய கலந்து விடுறது) சேத்தா அந்த தொல்ல போயிரும். காரேஜ், கோழி ஷெட்டு, ஹாட் டப்புன்னு ஒரே பாய்லர்ல எல்லாத்தையும் கட்டி விட்ருந்தா ஒரு ராத்திரிக்கு அந்த வால்வ எல்லாம் மூடிட்டு வீடு மட்டும் ஓட விட்டு பாருங்க, அப்ப 180 நின்னா பாய்லர்ல கோளாறு இல்ல, சுமை தான் ஜாஸ்தி. பழைய வீட்டுல அட்டிக் மூடி, பேஸ்மென்ட்டோட விளிம்பு வழியா போற காத்த அடைச்சா அதுவே ஒரு பெரிய காயில் போட்டதுக்கு சமம்.

கடைசியா தண்ணி. லெவல் கொறைஞ்சா பாய்லர் நல்ல சூட்டுல இருக்கும்போது சடார்னு பச்சத் தண்ணிய ஊத்தாதீங்க, ஆற விட்டு மெதுவா நெரப்புங்க. காத்து தொடர்பு இருக்குற சிஸ்டம், ஆக்ஸிஜன் உள்ள போய்ட்டே இருக்கும், அதனால அரிப்பு தடுக்குற மருந்து தண்ணில சரியான அளவு இருக்கான்னு டெஸ்ட் ஸ்ட்ரிப் வெச்சு வருஷத்துக்கு ஒரு தடவயாவது பாருங்க. கோடைல தண்ணிய வடிச்சுட்டு காலியா விடாதீங்க, ஈர இரும்பு காத்து பட்டா ரெண்டே மாசத்துல துரு ஏறும், அந்த துரு தான் அக்டோபர்ல ஸ்ட்ரெய்னர்லயும் பிளேட்லயும் வந்து நிக்கும். ஏப்ரல்ல நெருப்ப அணைச்சதும் சாம்பல முழுசா வாரிட்டு, மருந்து கலந்த தண்ணிய மேல் வரைக்கும் நெரப்பி வெச்சு, சிம்னிக்கு ஒரு மூடி போட்டு விடுங்க. காயிலுக்கு போற ரெண்டு வால்வையும் அப்பவே மூடிருங்க, ஏசி ஓடும்போது பிளீனத்துக்குள்ள தண்ணி சுத்த வேணாம்.